ஈரச் சேற்றில் நின்றவன்

“அண்ணா, அசிட்டோன ஊத்துனே, கொன்னுடுவேன்!”

பாப்பா போட்ட சத்தத்தில் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உள்ளறைப் பக்கம் கழுத்தை நீட்டினார்கள். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது? ஆனால் அண்ணன் கையில் பாட்டில் திறந்திருந்தது. கட்டிலில் கிடந்த அப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில், இடுப்போடு மாட்டிக்கொண்டு, சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் சிப்பாய்.

காலை ஏழு மணிக்கு வேலை மேசையில் வைத்தே அப்பாவின் நெஞ்சு நின்றுவிட்டது. பசை பாட்டில் கவிழ்ந்து கையெல்லாம் வழிந்திருந்தது. பத்து விநாடியில் இறுகிவிடுகிற பசை. பாப்பா தேநீரோடு போனபோது அவர் தலையை மேசையில் சாய்த்திருந்தார், கை மட்டும் எதையோ எடுத்துக் கொடுப்பது போல நீண்டிருந்தது.

“பசை கரையணும்னா இதுதான் வழின்னு நீதானே சொன்ன?” என்றான் அண்ணன்.

“பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரையும்னும் சொன்னேன்ல? அவன் கூழாயிடுவான்.”

“ஆகட்டும்! பெத்த அப்பன் செத்துக் கிடக்கான், உனக்கு பொம்மை பெருசாப் போச்சா?”

பாப்பாவுக்கு நாற்பத்து நான்கு வயது. தெருவுக்குப் பல் டாக்டர், வீட்டுக்கு இன்னும் பாப்பா. அவள் பாட்டிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். வெந்நீரில் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, தன் பையிலிருந்து பல் நோண்டும் ஊசியை எடுத்துக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவர்களைப் பார்க்கிற அதே பார்வையை அவள் மேல் வீசிவிட்டு வெளியே போனான்.

பசை லேசில் விடவில்லை. ஊசியை விட்டு நெம்ப நெம்ப அப்பாவின் தோல் வெள்ளையாகச் சிம்பு சிம்பாக வந்தது. ரத்தம் வரவில்லை. உயிரோடிருக்கிற வாய்க்குள் இருபது வருடமாக ஊசி விட்டவளுக்கு, ரத்தம் வராமல் நோண்டுவது இதுதான் முதல் தடவை.

அந்தச் சிப்பாய் அப்பாதான். அதனால்தான் இத்தனை ரகளை.

ராணுவத்திலிருந்து இளவயதிலேயே ஓய்வு பெற்ற பிறகு அப்பா டாங்கிகள் செய்தார், லாரிகள் செய்தார், பாலங்கள் செய்து அவரே குண்டு போட்டு இடித்தார். எல்லாம் நிஜ அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. மூன்று மயிர் உள்ள தூரிகையால் ஒரு சட்டைப் பொத்தானுக்கு நிழல் வைப்பார். அப்போது மட்டும் அந்த மனுஷனின் கை நடுங்காது. மற்ற நேரம் அந்தக் கை எதையாவது உடைத்துக்கொண்டிருக்கும். அண்ணனுக்குப் பத்து வயதில் வலது சுண்டுவிரலை உடைத்தது அந்தக் கைதான். டாங்கியைத் தொட்டுவிட்டான் என்று காரணம் சொன்னார்கள். பாப்பாவை மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை.

கடைசி ஐந்து வருடம் டாங்கி இல்லை, பாலம் இல்லை, ஒரே ஒரு பலகைதான். டயோரமா என்பார் அவர். வீட்டில் எல்லோருக்கும் அது பலகை. அதில் ஒரு சோதனைச் சாவடி, மழை பெய்து சேறான சாலை, ஒரு பஸ். நாற்பது வருடத்துக்கு முன்னால் அப்பாவும் இன்னும் ஐந்து சிப்பாய்களும் காவல் நின்ற இடம் அது. பஸ்ஸிலிருந்து பதினொரு பேரைப் பிணமாக இறக்கினார்கள். முதல் குண்டை யார் சுட்டது என்று விசாரணை நடந்தது. ஆறு பேருமே தடுப்புக் கம்பத்துப் பக்கம் நின்றதாகச் சொன்னார்கள். ஒரு கம்பத்துக்கு ஆறு பேரா என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை. ஆனால் அப்பா கம்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. இது பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டப்பட்ட சேதி. அவள் அதை நம்பினாள். அவர் அண்ணனை அடிக்கும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் அவரை மன்னித்தாள்.

அந்த பஸ்ஸில் இருந்து தப்பிய ஒரு பெண், அப்போது பதினொரு வயது, இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள், இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்குக் கடிதம் போட்டாள். இப்படி ஒரு பலகை செய்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து இருவரும் போனில் பேசினார்கள். யார் எந்தச் சீட்டில், யார் என்ன துணி என்று அவள் சொல்வாள், அப்பா குறித்துக்கொள்வார். அவளுடைய அம்மாதான் முதலில் விழுந்தவள். பஸ் படியில் இறங்கும்போது. “மஞ்சள் இல்லைங்கய்யா. மாம்பழம் பழுத்து ஒரு நாள் ஆனா வருமே, அந்த நிறம்” என்று அவள் சொல்ல, அப்பா நான்கு தடவை அந்த மேல்சட்டையைச் சுரண்டிவிட்டு மறுபடி வண்ணம் அடித்தார். ரத்தத்துக்குச் சிவப்பு போடவில்லை. பழுப்பில் கொஞ்சம் கறுப்பைக் கலந்து, மேலே பளபளப்பு வார்னிஷ். “காஞ்சா அப்படித்தான் இருக்கும், பாப்பா” என்றார். எவ்வளவு நேரத்தில் காயும் என்பதையும் சொன்னார், கேட்காமலேயே.

எல்லா உருவத்தையும் ஒட்டிவிட்டார். தன்னை மட்டும் ஒட்டவில்லை. யார் பலகையைப் பார்க்க வந்தாலும் அந்தச் சிப்பாயைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொள்வார். போன வாரம்தான் தையற்காரிக்குப் போன் செய்து, முடிச்சுட்டேன், வந்து பாருங்க என்றார். அவள் வருவதாகச் சொன்ன நாள் இன்று. இரண்டு மணிக்கு. அடக்கத்துக்கு வண்டி மூன்று மணிக்கு.

சிப்பாய் கழன்று வந்தான். முதுகில் அப்பாவின் தோல் ஒட்டியிருந்தது. பாப்பா அதை நகத்தால் உரித்துப் போட்டாள். அப்போது வேலை அறையிலிருந்து மரம் பிளக்கிற சத்தம் கேட்டது.

ஓடினாள். அண்ணன் ஜாக்கிக் கம்பியால் அலமாரியை வெளுத்துக்கொண்டிருந்தான். டாங்கிகளின் சங்கிலிகள் அறுந்து தரையில் கிடந்தன, பாலம் இரண்டாம் முறையாக இடிந்திருந்தது. அவன் பலகையை நோக்கிக் கம்பியை ஓங்கினான். பாப்பா குறுக்கே பாய்ந்தாள். அவன் அவள் மயிரைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். கண்ணில் பொறி பறந்தது. அவள் அவன் மணிக்கட்டை வாயில் கவ்விக் கடித்தாள். பல் டாக்டர் கடித்தால் எங்கே கடிக்கணும் என்று தெரியாதா? கம்பி பலகையின் ஓரத்தில் இடித்துக்கொண்டு கீழே விழுந்தது.

“பைத்தியமாடி உனக்கு?” அவன் கையை உதறினான். ரத்தம் தெறித்தது. “அவ வர்றதுக்குள்ள இது இருக்கக்கூடாது!”

“ஏன்? வரட்டும், பார்க்கட்டும்! அப்பா கம்பத்துகிட்ட நின்னாருன்னு பார்த்துட்டுப் போகட்டும்! இதோ பாரு, குழி போட்டு பசைகூட விட்டுட்டாரு. வைக்கறதுக்குள்ளதான்...”

சொல்லிக்கொண்டே அவள் பலகையைப் பார்த்தாள். தடுப்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் சிறு துளை, அதன் விளிம்பில் பசை காய்ந்திருந்தது. சுற்றிலும் வெள்ளைத் தூள். கம்பி இடித்த அதிர்ச்சியில் பஸ் படிக்கு எதிரே இருந்த ஒரு பஞ்சுப் புதர் பெயர்ந்து உருண்டிருந்தது. புதர் இருந்த இடத்தில் இன்னொரு துளை.

பல்லில் துளை போடுகிறவளுக்கு இதைப் படிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பத்துப் பக்கத் துளை புதுசு. அவளே அப்பாவுக்குக் கொடுத்த பழைய பல் துரப்பணத்தால், இன்று காலையில் போட்டது. தூளைக்கூட இன்னும் ஊதவில்லை. புதரை வைத்து மறைத்திருந்த பஸ் பக்கத் துளை பழசு. நூறு தடவை செருகிப் பிடுங்கி விளிம்பு மழுங்கியிருந்தது. அவள் கையிலிருந்த சிப்பாயை அதில் வைத்தாள். பாதத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சிறு கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. சேற்றில் இரண்டு பூட்ஸ் பள்ளங்கள் இருந்தன. குதிகால் குதிகாலாக, நுனி நுனியாக, அச்சாகப் பொருந்தியது. ஐந்து வருடம் முன்பு அந்தச் சேற்றைக் குழைத்துப் பூசி, அது காயும் முன்பே அப்பா தன்னை அங்கே நிறுத்தியிருக்கிறார். துப்பாக்கி முனை நேராக பஸ் படியைப் பார்த்தது. மாம்பழ நிறச் சட்டையைப் பார்த்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றாள்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வலது கையைத் தூக்கிக் காட்டினான், கோணலாய் நின்ற சுண்டுவிரலை. “டாங்கியைத் தொட்டதுக்குன்னு நினைச்சியா? குடிச்சிட்டு அழுதாரு. எல்லாத்தையும் சொன்னாரு. காலையில போதை தெளிஞ்சதும், வெளிய சொன்னே, இதேமாதிரி கழுத்துன்னு சொல்லி ஒடிச்சாரு.”

அவளுக்கு அப்பாவை எழுப்பி ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. ஐந்து வருடம் உண்மையில் நிற்க வைத்துவிட்டு, பார்க்க வேண்டியவள் ரயிலேறிய நாளில் புதுக் குழி தோண்டியிருக்கிறாரே, பாவி மனுஷன்! அறைய முடியாத கோபத்தில் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, மூக்கெல்லாம் ஒழுக வந்தது.

அழைப்பு மணி அடித்தது. கூடத்தில் யாரோ, “ஐயாவைப் பார்க்க வந்தேன்... ஐயோ, எப்போ?” என்று கேட்பது கேட்டது.

“பாப்பா.” அண்ணன் குரல் இறங்கியிருந்தது. “உடைக்கல. சரி, நீ சொல்றபடியே இருக்கட்டும். அந்தப் புதுக் குழியிலயே வச்சிடு. ஒரு மணி நேரந்தான். வண்டி வந்துடும். செத்தவரை எதுக்கு மறுபடி சுடணும்?”

“அவங்கம்மாவும்தான் செத்துட்டா.”

“நாளைக்கு உன் கிளினிக்குக்கு எவன் வருவான்? என் பையனை எவன் என்னன்னு சொல்லுவான்?”

அது பொய்யில்லை. அவளுக்கும் தெரியும். சிப்பாயைப் பிடுங்கினாள். கம்பத்துக்கு மேலே ஒரு நிமிடம் பிடித்திருந்தாள். அங்கே வைத்தால் எல்லாம் சரியாகிவிடும், அவளுடைய அப்பா அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவார், அவர் மார்பில் விழுந்து அழலாம். அந்த ஆசை அவளை அப்படிப் படுத்தியது.

பிறகு அவள் மேசையில் கவிழ்ந்து கிடந்த பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குலுக்கி, பழைய துளையில் ஒரு சொட்டு விட்டு, சிப்பாயைச் செருகினாள். பத்து வரை எண்ணினாள். அண்ணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தையற்காரி குள்ளமாக, நரைத்து, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தாள். வாசலில் நின்றே உடைந்து கிடந்த அலமாரியையும் அண்ணன் கையிலிருந்த ரத்தத்தையும் பார்த்தாள்.

“நான் தப்பான நேரத்துல வந்துட்டேன் போல.”

“இல்ல. வாங்க.”

அவள் பலகைக்கு முன்னால் வந்து கண்ணாடியை மாட்டினாள். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். உதடு அசைந்தது. படிக்கு வந்ததும் அசைவு நின்றது.

“அம்மாதான். அதே நிறம்.” கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டாள், “இதுல உங்கப்பா எது?”

பாப்பா கையை நீட்டிக் காட்டினாள்.

தையற்காரி குனிந்து பார்த்தாள். “நான் சீட்டுக்கு அடியில கிடந்தேன். பூட்ஸ்தான் தெரிஞ்சது. முகம் தெரியல. நாப்பது வருஷமா தெருவுல போற வயசானவங்க மூஞ்சியெல்லாம் பார்த்துட்டேன்.” கண்ணாடியைக் கழற்றினாள். “நீங்க அந்தக் கம்பத்துகிட்டன்னு சொல்லியிருந்தா, சரின்னுட்டுப் போயிருப்பேன்.”

அண்ணன் சுவரோடு சாய்ந்து, கடிபட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

மூன்று மணி வண்டி முன்னதாகவே வெளியே வந்து நின்றது. கூடத்தில் நாற்காலிகளை இழுத்து ஓரம் போட்டார்கள். “தூக்கப் போறோம், பிள்ளைங்க வாங்க” என்று ஒருவர் அழைத்தார்.

தையற்காரி வலது கையை மெல்லப் பலகைக்குள் விட்டாள். ஊசி குத்திக் காய்த்துப் போன ஆள்காட்டி விரலை, துப்பாக்கி முனைக்கும் பஸ் படிக்கும் நடுவில் நிறுத்தினாள். விரல் படியை முழுதாக மறைத்தது. “பிள்ளைங்களே, நேரமாகுது” என்று மறுபடி குரல் வந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. பாப்பா விளக்கை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள்.