டீச்சர் காலில் மூன்றாம் மாடி

எங்கள் குடியிருப்பில் எந்தத் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது என்று கட்டியவருக்கே தெரியாது. தெரிந்தது முதல் மாடி டீச்சருடைய இடது காலுக்கு மட்டும்தான்.

கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்றே காலத்தை ஓட்டியவர். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும். ஒருநாள் ஒழுகலை அடைக்க வந்த பிளம்பர், ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த அந்தக் காலைப் பார்த்துவிட்டார்.

"இது நம்ம லைன் மாதிரியே இருக்கே," என்றார். நரம்பில் முடிச்சு விழுந்த இடத்தைக் கணக்குப் பண்ணி இரண்டாம் மாடிச் சுவரை உடைத்தார். ஒழுகல் அங்கேதான் இருந்தது.

அன்றிலிருந்து யார் வீட்டில் ஈரம் கசிந்தாலும் டீச்சர் வீட்டு மணிதான் அடிக்கும். அவரும் காலைத் தூக்கி ஸ்டூலில் வைப்பார். பிளம்பர் குனிந்து டார்ச் அடிப்பார். சங்கச் செயலாளர் பின்னால் கைகட்டி நிற்பார். டீச்சரின் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். பெண்டாட்டி கால் பொதுச்சொத்தானதில் அவருக்கு வருத்தமா, பெருமையா? நானும் பலமுறை எட்டிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அவஸ்தை டீச்சருக்குத்தான். சாயங்காலமானால் கால் கல்லாய்க் கனக்கும். கணுக்கால் கறுத்து அரிக்கத் தொடங்கியது. இப்படியே விட்டால் ஆறாத புண்ணாகிவிடும், லேசர் வைத்து மூடிவிடலாம் என்றார் டாக்டர். டீச்சர் தலையாட்டிவிட்டு வீடு திரும்புவதற்குள் செய்தி மூன்றாம் மாடிவரை ஏறிவிட்டது. ஏற்றியது யார் என்பது இப்போது எதற்கு?

மூன்றாம் மாடிதான் செயலாளர் வீடு. உடனே இறங்கி வந்தார்.

"நரம்ப மூடப் போறீங்களாமே டீச்சர். சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"என் கால் சார்."

"கால் உங்களுதுதான், யார் இல்லேன்னா? லைன் எல்லாருக்கும் பொது இல்லையா? நீங்க மூடப் போறது எங்க வீட்டுக்கு வர்ற லைனாம். பிளம்பர் சொல்றாரு."

"வலி மட்டும் எங்க வீட்டுக்கே வருதே. அதையும் பொதுவாக்குங்க, நான் மூடல."

செயலாளர் அசடு வழிந்தார். ஆனாலும் சிகிச்சை நாளன்று அழையாமலே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். பிளம்பரும் வந்தார். டீச்சருக்குத் துணையாக யாராவது வேண்டாமா, நானும் போனேன்.

டாக்டர் காலில் ஸ்கேன் கருவியை ஓட்டினார். செயலாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"அந்த வளைவுதான் சார் எங்க பாத்ரூம். அத மட்டும் விட்டுடுங்க."

டாக்டர் அவரைக் கணவர் என்று நினைத்துக்கொண்டார் போல. "பதட்டப்படாதீங்க. இதுல வால்வு போயிடுச்சு, மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தேங்குது. மெல்லிசா ஒரு வயர உள்ள விட்டு, லேசர் சூட்டுல மூடிடுவோம். ரத்தம் வேற நல்ல நரம்பு வழியா போயிக்கும். அவங்க தினம் நடக்கணும், அவ்வளவுதான்."

"வால்வு போன லைன வெச்சிருக்கவே கூடாது," என்று பிளம்பர் அங்கேயே கட்சி மாறினார்.

மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டார்கள். டீச்சர் இறுக்கமான காலுறையோடு நடந்தே வெளியே வந்தார். நாங்கள் வீடு திரும்பினால், செயலாளர் வீட்டுக் குழாய் மட்டும் புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது.

"காலுறைய கொஞ்சம் இறக்கினா, புது லைன் எதுன்னு பாத்துடலாம்," என்றார் செயலாளர்.

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்," என்று டீச்சர் கதவைச் சாத்தினார். அந்தக் கதவை அவ்வளவு நிம்மதியாகச் சாத்தி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை டீச்சர் கீழே நடக்கத் தொடங்கினார். அவர் ஒரு சுற்றுப் போனதும் மூன்றாம் மாடிக் குழாயில் நூலாகத் தண்ணீர் வந்தது. நின்றார், அதுவும் நின்றது. மறுபடி நடந்தார், வந்தது.

டீச்சர் களைத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்தார். மேலே மூன்றாம் மாடி ஜன்னலில் தலை நிறையச் சோப்பு நுரையோடு ஒரு முகம் தெரிந்தது.

"டீச்சர், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு. கண்ணு எரியுது."

"நடந்து முடிச்சா கால உயரத் தூக்கி வெச்சுக்கணும் சார். அதுவும் டாக்டர் சொன்னதுதான்."

டீச்சர் காலைத் தூக்கி பெஞ்சின் கைப்பிடிமேல் நீட்டிக்கொண்டார். தண்ணீர் மூன்றாம் மாடியைத் தாண்டி மேலேறி, மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது.