நியூயார்க் எண்

என் தம்பி வெஸ்லி இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மருத்துவமனை அல்ல. டொலிடோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஒரு மார்ச் மாத மதியம், போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வெளிறிப்போய் நின்றதுதான்.

அப்போது அவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முதலீட்டு வங்கி ஒன்றில் கோடைக்காலப் பயிற்சி கிடைத்தால்தான் பின்னால் அங்கே வேலை. பேர்பெற்ற கல்லூரிகளுக்கு வங்கிக்காரர்களே வந்து, விருந்து வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அவன் கல்லூரிக்கு வந்ததோ ஒரு மளிகைக் கடைக் கம்பெனியும் ராணுவமும்தான். அதனால் முன்பின் தெரியாத வங்கிக்காரர்களுக்கு, கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேட்டுக் குளிர்காலம் முழுக்க மின்னஞ்சல் எழுதினான். பதில் போட்டவர் ஒரே ஒருவர். ஹால்வர்சன் என்று பெயர், நியூயார்க்கில் இருந்தார். என்றோ அதே கல்லூரியில் படித்தவர். இந்த வாரம் நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தார்.

அந்த வாரம் வெஸ்லி போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துப் போனான். தெரியாத எண்களை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை. கார் வாரண்டி முடியப்போகிறது என்று பசப்பி ஏமாற்றுகிறவர்கள்தான் பேசுவார்கள். அவன் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருந்தது. அன்று மதியத்துக்குள் நாலைந்து பேர் கார் பற்றிப் பேசிவிட்டார்கள். மறுபடி போன் அடித்தது.

"வெஸ்லிதானே? எப்படி இருக்கீங்க?" என்றது ஓர் ஆண் குரல். அந்த ஆட்களும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"கார் ஏரியில கெடக்கு. வேணும்னா நீயே குதிச்சு எடுத்துக்கோ," என்று கத்திவிட்டு வைத்தான்.

முட்டை பொரித்துக்கொண்டிருந்த நான் சிரித்தேன். அவன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மார்னி, இருநூத்திப் பன்னெண்டுன்னு ஆரம்பிச்சா எந்த ஊரு?"

"நியூயார்க்." அடுப்பை அணைத்தேன். "உடனே கூப்பிடு. லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லு."

"'நீயே குதி'ன்னு கேட்டப்புறமா கட்டாச்சு?"

"அப்ப நான்தான் எடுத்தேன்னு சொல்லு."

"உனக்கு ஆம்பளைக் குரலா?"

"சளி புடிச்சிருக்குன்னு சொல்லேன்டா."

அவன் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை. செய்தி இருந்தால் பதிவு செய்யும்படி ஓர் இயந்திரக் குரல் சொன்னது. "சார், கத்தினது நான்தான். கார் வாரண்டி ஆளுங்கன்னு நெனச்சிட்டேன். எங்க கார் ஏரியில இல்ல, சார். நல்லாத்தான் ஓடுது," என்று சொல்லி வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா ஓடுதுன்னு எதுக்குச் சொன்னேன்?" என்றான். மேசையில் தலை கவிழ்ந்தான். "இருந்த ஒரு ஆளும் போச்சு."

முட்டை ஆறிப்போன பிறகு போன் அடித்தது. எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"காரை வெளிய எடுத்தாச்சா?" என்றார் ஹால்வர்சன். ஆனால் வேடிக்கை அதோடு சரி. வங்கி வேலை எதற்கு என்று கேட்டார். வெஸ்லி மனப்பாடம் செய்திருந்ததைச் சொல்லத் தொடங்கினான்.

"ஒப்பிக்காதேப்பா. உள்ளதைச் சொல்லிடறேன். எங்ககிட்ட அடுத்த வருஷக் கோடைக்கே இடமெல்லாம் நெரம்பிடுச்சு. உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு யாரும் இல்ல, சார்."

போனை வைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. கேள், கேள் என்று கையை ஆட்டினேன்.

"வேற யார்கிட்டயாவது பேசிப் பாக்கலாமா, சார்?"

"கிளீவ்லாண்ட்ல இதே வேலை செய்யற, ரெண்டு பேர் சேந்து நடத்தற சின்ன கம்பெனி இருக்கு. பயிற்சிக்குன்னு யாரையும் எடுத்ததில்ல. சம்பளமும் தருவாங்களோ என்னமோ."

வெஸ்லி ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டான். "உங்க பேரைச் சொல்லிக்கலாமா?"

"சொல்லிக்கோ. ஏரி விஷயத்தையும் சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அந்த கிளீவ்லாண்ட் கம்பெனிக்கு மின்னஞ்சலைச் சாயங்காலம் வரை எழுதி எழுதி அழித்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பயந்தவன் எழுதின மாதிரி இருக்கா?"

"இருக்கு."

"எந்த வரியில?"

"எல்லாத்துலயும். அனுப்பு."

நான் பக்கத்தில் நின்றால் முடியாது என்றான். வெளியே போய் நின்றேன்.

அவர்கள் நேரில் வரச் சொன்னார்கள், ஜூனில் எடுத்துக்கொண்டார்கள். முதல் வாரக் கடைசியில் கிளீவ்லாண்டிலிருந்து கூப்பிட்டான். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "என்னை இன்னும் போகச் சொல்லல, மார்னி," என்றான்.