ஒரு சொட்டு ரசம்

வடசேரி டீக்கடைக்கு ரசவடை போட்டுக் கொடுப்பது சபிதாவின் பிழைப்பு. வடை பையில் போகும். ரசம் தூக்குவாளியில் போகும். மயிலாடியிலிருந்து தினமும் காலையில் அவளைப் பைக்கில் கொண்டுபோய் விடுகிறவன் புருஷன் தாணுமாலயன். விடிந்தால் அடைந்தால் கல்லில் எழுத்து வெட்டுகிறவனுக்கு அவளோடு ஆற அமரப் பேச வாய்ப்பது அந்த அரைமணி நேரம்தான்.

அதற்குத்தான் கேடு வந்தது. முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டி குளிர்காய்ச்சல் கண்டவன் மாதிரி வெடவெடத்தது. வெடவெடக்கும்போதெல்லாம் ரசம் மூடியைத் தள்ளிக்கொண்டு அவள் சேலையில் ஊற்றியது. செவ்வாய்க்கிழமை தாணுவுக்குப் பட்டறையில் அவசர வேலை. அன்றைக்கு அவளைக் கொண்டுவிட்டவன் அவள் தங்கை புருஷன் விபின். துபாயிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, வந்த கையோடு புது வண்டி எடுத்திருந்தான்.

மத்தியானம் சபிதா சேலை முந்தியை விரித்துக் காட்டினாள். "கேட்டியளா, ஒரு சொட்டு சிந்தல்ல. தண்ணியில வள்ளம் போன மாதிரி இருந்து."

"பைய ஓட்டியிருப்பான்."

"பையவா? இருபது நிமிசத்துல கொண்டு விட்டுட்டான். நாளைக்கும் வாறேன் மைனின்னு சொல்லியிருக்கான். உங்க வண்டியும் ஒரு வண்டியா, உரல உருட்டுன மாதிரி குதிக்கு."

அவள் பேச்சில் கள்ளமில்லை என்று தாணுவுக்குத் தெரியும். தெரிந்தும் பாதிச் சோற்றில் கை கழுவினான். எத்தனை வருசமாகத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்து போகிறாள், ஒரு நாள் வள்ளம் என்று சொன்னதுண்டா? விபின் வண்டியிலும் ரெண்டு கையும் தூக்கைத்தானே பிடித்திருக்கும், வேறு எதையும் பிடிக்க வழியில்லையே என்று தேற்றிக்கொண்டான். அந்தத் தேறுதல் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் நின்றது.

சாயங்காலமே மெக்கானிக் அல்போன்ஸிடம் போனான். அல்போன்ஸ் முன்சக்கரத்து டிஸ்க்கைக் கழற்றி, விளிம்பில் பெருவிரலை வைத்துத் தடவிக் காட்டினான். பிரேக் கட்டை தின்ற இடம் பள்ளமாகி, ஓரத்தில் வரம்பு மாதிரி தூக்கி நின்றது.

"தாணுண்ணே, இது தேஞ்சும் போச்சு, வளைஞ்சு கோடியும் போச்சு. மாத்தணும்."

"அரைச்சு நேராக்க முடியாதா மக்கா?"

"சதை இருந்தால்லா அரைக்கதுக்கு! இந்தா பாருங்க, உள்ள பொடி எழுத்துல வெட்டியிருக்கான். நாலு மில்லிக்குக் கீழ போனா ஓட்டப்படாது. இது இப்பவே மூணே முக்காலு. புதுசு சொல்லிவிட்டா மார்த்தாண்டத்துலேருந்து வர பத்து நாளாவும். அதுவரை வண்டிய எடுக்காதீங்க."

பத்து நாள்! பத்து நாளும் வள்ளம், பத்து நாளும் "வாறேன் மைனி". தாணுவுக்கு வெப்ராளம் பொறுக்கவில்லை. டிஸ்க்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேரே பட்டறைக்கு நடந்தான்.

சிலைக்கு மெருகு ஏற்றுகிற கருங்கல் பலகை அங்கே கிடந்தது. கண்ணாடி மாதிரிச் சமதளம். எமரிப் பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, டிஸ்க்கைக் குப்புறப் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தான். துபாய்க்காரன் வண்டி வாங்கலாம், இந்தக் கை வேலை வாங்க முடியுமா? ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் முடிந்தது. கழுவித் தூக்கிப் பார்த்தால் அவன் மூஞ்சியே அதில் தெரிந்தது. விரலுக்கு ஒரு மேடு இல்லை, ஒரு கோட்டம் இல்லை.

அல்போன்ஸ் காட்டிய எழுத்தும் இல்லை. நாலு என்ற எண்ணின் ஒரு கால் மட்டும் மயிரிழையாக மிச்சம் கிடந்தது.

தாணு கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். எழுத்து வெட்டுகிறவனுக்கு வெட்டிய எழுத்தை அழிக்கிறது போல ஒரு கேவலம் கிடையாது. கல்வெட்டில் ஒரு எழுத்து தப்பினால் அதை அரைத்து மறைக்கக் கூடாது, அந்த இடம் குழியாகக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு கல் போட வேண்டியதுதான். கூட வேலை பார்க்கிறவர்களை இதற்காக எத்தனை வசவு வைதிருக்கிறான்.

ஆனாலும் ஆசை விடவில்லை. எண் போய்விட்டதே, இனி யாருக்குத் தெரியும்? சக்கரத்தில் மாட்டினால் நாளைக்கே வள்ளம்தான். சுசீந்திரம் பாலத்தில் போவதாக நினைத்துப் பார்த்தான். முன்னால் ஒரு பஸ் சடக்கென்று நிற்கிறது. இவன் பிரேக்கைப் பிடிக்கிறான், தேய்த்து இன்னும் மெலிந்த டிஸ்க் தாங்கவில்லை. பின்னால் சபிதா. அவள் ரெண்டு கையும் தூக்கில்தான் இருக்கிறது. அவனைப் பிடிக்கக்கூட ஒரு கை இல்லை.

எழுந்து அல்போன்ஸிடமே போனான். "புதுசுக்குச் சொல்லிவிடுடே."

அல்போன்ஸ் டிஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்னண்ணே, கண்ணாடிக் கடையில வச்ச மாதிரி! நம்பரு எங்க?"

"தொலைஞ்சு போச்சு. நீ சொல்லிவிடு."

வீட்டுக்கு வந்து சபிதாவிடம் அவனே சொன்னான். "ஏட்டி, பத்து நாளு விபின்கூட போ."

"நெசமாத்தானா? முகத்துல ஒரு வெளிச்சமும் இல்லியே."

"போன்னு சொன்னா போவியா..."

காலையில் விபின் வந்து ஹாரன் அடித்தான். "அண்ணே, உரலு ஓடல்லியா?" என்று சிரித்தான். சபிதா ஏறி, தூக்கை மடியில் வைத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாணு பல் தேய்க்கிற சாக்கில் நடையில் நின்று, வண்டி வளைவு திரும்பும்வரை பார்த்தான். விழுந்துவிடக் கூடாது, மாடசாமி தெய்வமே, விழுந்துவிடக் கூடாது. ஆனால் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு.

சாயங்காலம் வேலைவிட்டு வந்தவன் நேரே கிணற்றடிக்குப் போனான். துவைக்கப் போட்டிருந்த சேலையை எடுத்து, ஓரம் ஓரமாகத் தள்ளிப் பார்த்தான். முட்டுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

"என்னத்தத் தேடுதிய அங்க?" சபிதா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ரசம் சிந்திச்சா?"

"கோட்டாறுல ஒரு பூனை குறுக்க சாடிச்சு. அவன் பிடிச்ச பிடியில பாதி ரசம் ரோட்டுல போச்சு."

"பாவம்," என்றான் தாணு. "சின்னப் பய. பிரேக்கு பிடிச்சுப் பழகணும்லா."

பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த ரசவடையில் மூன்றைக் கேட்டு வாங்கித் தின்றான்.