மூன்றாவது ஃபேடரின் சிவப்புப் புள்ளி

கை யாருதா இருந்தா என்ன, பெட்டியைத்தானே கேக்கப்போறோம் என்று மாமா சொன்னபோது அவள் சிரித்திருக்கக் கூடாது, அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்போல் இருக்கிறது, எப்போதும் இப்படித்தான், கோபம் வரும்போதெல்லாம் முதலில் சிரிப்பு வந்துவிடுகிறது, கோபம் பின்னால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாக வருகிறது, அது வந்து சேர்வதற்குள் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. மாமாவும் குச்சியும் டீ குடிக்கப் போய்விட்டார்கள், அவள் மட்டும் சத்தங்களைக் கலக்கும் மிக்ஸர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்ன அறையில் மூன்று கிடார் ஆம்ப் பெட்டிகள், மூன்றின் வாயிலும் ஒரே தூரத்தில் ஒவ்வொரு மைக், பின்பக்கத்துச் சல்லடைக்குள் வால்வுகள் சூடேறி ஆரஞ்சாக எரிகின்றன. முதலாவது குச்சியுடையது, நடுவில் இருப்பது ஸ்டூடியோவுடையது, மூன்றாவது அவளுடையது. இந்த ரெக்கார்டுக்கு ரெண்டு கிடார் ரெண்டு சத்தம் வேணாம், சுவர் மாதிரி ஒரே சத்தம், எந்த ஆம்ப் ஜெயிக்குதோ அதோட ஆள் எல்லாப் பாட்டுக்கும் வாசிக்கட்டும் என்றார் மாமா... அப்போ நடுவுல இருக்கிறது ஜெயிச்சா மாமா என்று குச்சி கேட்டதற்கு, ஜெயிச்சா கரண்ட் பில்லை அது கட்டட்டும் என்றார், அதற்கும் அவள்தான் முதலில் சிரித்தாள். எல்லாப் பாட்டுக்கும் ஒருவர் வாசிக்கட்டும் என்றால் இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும் என்று அர்த்தம். அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாமா அக்காவின் கணவர், டிரம்ஸ் வாசிப்பவர், இசைக்குழுவில் கடைசி வார்த்தை அவருடையது, இந்தச் சோதனைக்கு மட்டும் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு என்றிருக்கிறார். ஸ்டூடியோ அக்காவுடையது, ஒலிப்பதிவு செய்வதும் அவள்தான். குச்சி போன வருஷம் வந்தவன், சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், மாமா வைத்த பெயர், வந்த அன்றே அக்கா அக்கா என்று காலைச் சுற்றினான், அக்கா உங்க சத்தத்தைக் கேட்டுத்தான் நான் கிடாரே எடுத்தேன் என்றான், இப்படிச் சொல்பவர்களைத்தான் கவனிக்க வேண்டும், நம் இடத்தைப் பற்றி நம்மைவிட அதிகமாக யோசித்தவர்கள் அவர்கள். சோதனைக்கு வாசிக்கும் துண்டுகூட அவனுடையதுதான். கிடாரிலிருந்து நேராகப் பதிவுசெய்த வெறும் கம்பிச் சத்தம், டப்பாவில் ரப்பரை இழுத்து விட்டதுபோல் ஒல்லியாக இருக்கும், அதையே ஒவ்வொரு ஆம்புக்குள்ளும் அனுப்பிக் கேட்கப் போகிறார்கள், கை ஒன்றாக இருந்தால்தான் பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் தெரியுமாம். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல். என் ஆம்ப் அவன் கைக்கு வாயைத் திறக்க வேண்டும். அவள் காசு சேர்த்து வாங்கிய பெட்டி, கடையில் அன்றைக்கு அந்த ஆள், மேடம் பாட்டு கத்துக்கிறவங்களுக்குச் சின்னதா ஒண்ணு அந்தப் பக்கம் இருக்கு என்றாரே, அதற்கும் சிரித்தாளே.

வயர் இழுக்கிற ஆள் வந்திருக்கார், ஒரு நிமிஷம் பாத்துட்டு வரேன், நீ லெவலைச் சரி பண்ணி வை, உன் காது தங்கக் காதாச்சே, என்று சற்று முன்புதான் அக்காவும் எழுந்து போனாள். கதவருகே திரும்பி, உன்னோடத வழக்கம்போல அந்தப் புள்ளியில வச்சிரு, மத்த ரெண்டையும் கோட்டுல வச்சிரு, அவ்வளவுதான் வேலை, என்றாள். அந்தப் புள்ளி மிக்ஸரில் மூன்றாவது ஃபேடரின் பக்கத்தில் இருக்கிறது, மேலும் கீழும் தள்ளிச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற அந்தக் கட்டைக்கு நடுக்கோடு ஒன்று உண்டு, கோட்டுக்கு மேலே ஓர் அரிசி நீளம் தள்ளி அக்காவின் சிவப்பு நகப்பூச்சால் வைத்த பொட்டு. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஓரம் தேய்ந்தபோது ஒருமுறை அக்கா புதிதாக வைத்தாள், நிறம் கொஞ்சம் மாறியது. உன்னுது பழைய மாடல், சத்தம் அரை மூச்சு கம்மி, அதுக்குத்தான் என்று எப்போதோ சொன்னாள். அக்கா சொன்னாளா, அல்லது இவளே அப்படி நினைத்துக்கொண்டாளா?

கோபம் இல்லாவிட்டால் புள்ளியில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் இன்றைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது, தோற்றால் தோற்கட்டும், ஜெயித்தால் அவன் முகத்தைப் பார்த்து ஜெயிக்க வேண்டும், மீட்டர் வைத்தே சரி பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இந்தத் தொழிலில் எல்லோரும் ஏமாறுகிற இடம் அதுதான், இரண்டு ஆம்பில் ஒன்று ஒரு துளி சத்தம் கூடுதலாக இருந்தால் போதும், காதுக்கு அது சத்தமாகத் தெரியாது, நல்லதாகத் தெரியும், தடிப்பாக, நெஞ்சுக்குப் பக்கத்தில், உயிரோடு... கேட்கிறவர் சத்தியம் செய்வார் இதுதான் டோன் என்று. குச்சியின் துண்டைச் சுற்றவிட்டாள். முதலாவது ஆம்ப், கத்தி தீட்டியதுபோல் இறுக்கமாக, ஒவ்வொரு அடியும் வந்த சுவடு தெரியாமல் சட்டென்று மூடிக்கொள்கிறது, அடியில் கனம், உச்சியில் பளபளப்பு, நடுவில் ஆளே இல்லை, குச்சியைப் போலவேதான். நடுவில் இருப்பது சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல் சடசடக்கிறது, போகட்டும். இரண்டும் மீட்டரில் ஒரே அளவு. மூன்றாவதைத் திறந்தாள், ஃபேடர் வழக்கம்போல் புள்ளியில். ஈரச் சரளையில் இரும்புக் கட்டிலை இழுத்ததுபோல் அந்தக் கரகரப்பு, நடுத்தொண்டையிலிருந்து வருகிற சத்தம், அவன் கையில்கூட அது அவளுடையதுதான், அப்பாடா என்று முதுகு தளர்ந்தது. பிறகு மீட்டரைப் பார்த்தாள்.

ஒன்றரை டெசிபல் அதிகம். மைக் நகர்ந்திருக்கும் என்று உள்ளே போய் விரலால் அளந்தாள், நகரவில்லை. கேபிளை மாற்றினாள், குச்சியின் மைக்கை எடுத்துத் தன் ஆம்புக்கு வைத்தாள், ஆம்பின் வால்யூம் குமிழ் என்றைக்கும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்தாள், வண்ணம் தேய்ந்த அதே இடம். திரும்பி வந்து ஃபேடரைக் கோட்டுக்கு இறக்கினாள். மற்ற இரண்டோடு முள் அப்படியே பொருந்தி நின்றது. சத்தம் அரை மூச்சு கம்மியாம். ஒரு மூச்சும் கம்மி இல்லை.

அப்படியென்றால் தாடி... குழு தொடங்கிய காலத்தில் இதே அறையில் இதேபோல் ஒரு போட்டி, மாமாவின் சிநேகிதர் தாடி ஒரு பக்கம், மச்சினியைச் சேர்த்தால் ஊர் சிரிக்கும் என்று மாமா தயங்கிய அவள் ஒரு பக்கம், கண்ணைக் கட்டாத குறையாகச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துக் கேட்டார்கள், தாடியே தன் வாயால் சொன்னார், ஒத்துக்கிறேம்மா, உன்னோடது முன்னால வந்து நிக்குது. கை கொடுத்தார். கை ஈரமாக இருந்தது. அப்புறம் அவர் மேடையேறியதாகக் கேள்விப்படவே இல்லை. முன்னால வந்து நிக்குது, முன்னால வந்து நிக்குது, இத்தனை காலமும் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், அதை எப்படித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள், அந்த வாக்கியத்தின் மேல்தானே வீடு கட்டிக் குடியிருந்தாள், அது அக்காவின் நகப்பூச்சா? யாரடி உன்னைக் கேட்டது? நான் தோற்பேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? ஒருமுறையாவது நடுக்கோட்டில் வைத்துக் கேட்டாயா, கேட்டுவிட்டுத்தான் ஏற்றினாயா, அல்லது கேட்கவே இல்லையா... இரண்டில் எது மோசம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிரச்சினை என்னவென்றால் கோபம் இப்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே நிற்கிறது. காலையிலிருந்து மாமாவுக்கும் குச்சிக்கும் எதிராகக் காய்ச்சி வைத்தது, ஊற்றும் நேரத்தில் ஆளை மாற்றச் சொன்னால் எப்படி? ஆம்பின் கெயின் குமிழை உச்சத்தில் வைத்துவிட்டால் கம்பியைத் தொட்டாலும் அலறும், விட்டு எடுத்தாலும் அலறும், அவளும் இன்றைக்கு அப்படித்தான், கதவு கிரீச்சிட்டதற்கே பல்லைக் கடித்தாள்.

சின்ன வயதில் அம்மா ஒரே ஒரு பாட்டில் ஜூஸ் வாங்கிவருவாள், பங்கு போடுவது அக்கா. வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்று ஒல்லி உயரம், ஒன்று குட்டை அகலம். இவள் தரையில் குந்தி மேசை விளிம்பில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். எது வேணும் உனக்கு, நீயே எடுத்துக்கோ என்பாள் அக்கா. ஒல்லியில் ஜூஸ் உயரமாக நிற்கும், அதைத்தான் எப்போதும் எடுப்பாள், ஜெயித்த மாதிரி இருக்கும். அக்கா முகத்தில் ஒரு மாறுதலும் இருக்காது. உயரமாக நின்றதில் நிஜமாகவே அதிகம் இருந்ததா, குறைவா? அக்கா எவ்வளவு குடித்தாள்? அதை ஒரு நாளும் பார்த்ததில்லையே, தன் டம்ளரைத் தவிர.

கதவு திறந்து மூவரும் வந்தார்கள். என்னம்மா, தராசு நேரா நிக்குதா, என்றார் மாமா. எல்லாம் கோட்டுல இருக்கு, என்றாள் அவள், அக்காவைப் பார்த்து. அக்கா நாற்காலியை இழுத்தவள் நின்றாள். புள்ளியில வைக்கலையா? இல்ல. ஏன்? மீட்டர் வச்சுப் பாத்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், பிறகு சரி என்றாள். அவ்வளவுதான். ஒரு சரி. மாமாவும் குச்சியும் சோபாவில் விழுந்து யார் டீக்கு யார் காசு கொடுத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் காதில் எதுவும் விழவில்லை.

அக்கா மிக்ஸரில் உட்கார, மாமாவும் குச்சியும் அவளும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சுவரில் சத்தத்தைக் குடிக்கும் பஞ்சு, அதில் விரல் அளவு ஒரு பொத்தல். அக்கா வரிசையைக் கலைத்துப் போட்டாள், ஒண்ணு என்றாள், ரெண்டு என்றாள், மூணு என்றாள், வேறு ஒரு சொல் இல்லை. எங்கே இருந்தாலும் என் ஆம்பைக் கண்டுபிடிப்பேன் என்று எத்தனை பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறாள், அந்தச் சரளை எங்கே, அந்த இரும்புக் கட்டில் எங்கே, கவனிக்கக் கவனிக்க மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போயின, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அர்த்தம் கழன்று விழுமே அதுபோல. ரெண்டு, என்றார் மாமா, யோசிக்காமல், ரெண்டுல அடி சுத்தமா விழுது. குச்சி தலையைச் சாய்த்தான். மாமா தப்பா நினைக்காதீங்க, எனக்கு மூணு, என்னோடதா இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி... அது கொஞ்சம் முன்னால வந்து நிக்குது.

ஆளுக்கொரு பக்கம், இனி அவள் சொல்வதுதான் முடிவு. மூணாவதை இன்னொரு தடவை போடு, என்றாள். அக்கா போட்டாள். வந்து நின்றது, ஆமாம், நெஞ்சுக்குப் பக்கத்தில், தடிப்பாக, உயிரோடு. இது அவளுடையதா? கோட்டில் நின்றே இப்படி வருகிறதா, என்றைக்குமே இப்படித்தான் வந்துகொண்டிருந்ததா? அல்லது குச்சியுடையதா? அல்லது அந்த முதல் சுற்றுக்கும் முன்னாலேயே, அக்காவின் ஒரு விரல், ஓர் அரிசி நீளம் மேலே... தலையைத் திருப்பினால் போதும், சிவப்புப் புள்ளி தெரிகிறதா, கட்டை அதை மறைத்துக்கொண்டு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கழுத்து திரும்பவில்லை. பின்னால் நாற்காலி ஒரு முறை முனகியது.

எது வேணும் உனக்கு, சொல்லு, என்றாள் அக்கா.

குரலில் ஒரு மாறுதலும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள், முதலில் வந்தது சிரிப்பு, மாமாகூட என்ன என்று திரும்பிப் பார்த்தார், அவள் சுவரின் பொத்தலையே பார்த்துக்கொண்டு, பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வர வேண்டியது வருகிறதா என்று காதைத் தீட்டிக் காத்திருந்தாள்... இன்னும் வரவில்லை.