ஒழுகியும் குறையாத தண்ணி

பிரேக் கீச்கீச்சுனு கத்துது, அதை மட்டும் பாருங்கன்னு சொல்லித்தான் வண்டியை விட்டேன். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வாரம் பூரா கத்திரிக்கோலையும் பஞ்சையும் எண்ணி எண்ணிக் கொடுத்துட்டு, லீவு நாள்ல மெக்கானிக் ஷெட்ல நிக்க எனக்கு எங்க பொறுமை இருக்கும்? அந்த மனுஷனோ பிரேக்கை விட்டுட்டு பானெட்டைத் திறந்து, அரை மணி நேரமா உள்ளே தலையை விட்டுக்கிட்டு நிக்கறார்.

"அண்ணே, சத்தம் பின் சக்கரத்துல வருது. நீங்க முன்னாடி எதைத் தேடறீங்க?"

அவர் நிமிரவே இல்லை. "சிஸ்டர், தினமும் எவ்வளவு தண்ணி ஊத்தறீங்க?"

"எதுக்கு?"

"ரேடியேட்டருக்கு."

"நான் எதுக்கு ஊத்தணும்? அந்த மூடியை நான் தொட்டதே கிடையாது."

அப்பத்தான் நிமிர்ந்தார். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "அப்ப யார் ஊத்தறது?"

எனக்குக் கோபம் மூக்கு மேல இருக்கும், ஆஸ்பத்திரியில டாக்டருங்களே ஒதுங்கிப் போவாங்க. காதுல பூ சுத்தாதீங்கண்ணே, இல்லாத கோளாறைச் சொல்லி வேலை காட்டாதீங்கன்னு கத்திட்டேன். அவர் மூடியைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு கைப்பம்பை மாட்டினார். நாங்க ரத்த அழுத்தம் பார்க்கற கருவியில இருக்கற மாதிரியே அதுல ஒரு முள். பம்ப் பண்ணப் பண்ண முள் ஏறிச்சு. கையை எடுத்ததும் கொஞ்சம் நின்னுட்டு, மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. எந்த வார்டுலயும் ஒரு நர்ஸுக்குப் பிடிக்காத இறக்கம் அது.

ஒரு சின்னக் கண்ணாடியை இன்ஜினுக்குப் பின்னாடி நீட்டி, டார்ச் அடிச்சுக் காட்டினார். ஹீட்டருக்குப் போற ரப்பர் குழாய், கிளிப் போட்ட இடத்துல உப்பிப் போய் வெடிச்சிருந்துச்சு. சுத்தி வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி ஒரு படிவு. ஒரு சொட்டு, கொஞ்சம் கழிச்சு இன்னொரு சொட்டு.

"நேரா புகைக்குழாய் மேல விழுது. வண்டி ஓடறப்ப அது நெருப்பா கொதிக்கும், விழுந்ததும் ஆவியா போயிடும். அதான் தரையில ஒரு தடமும் இல்லை. நீங்க போற தூரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் போகும். படிவைப் பார்த்தா பல வருஷமா ஒழுகுது. யாரும் ஊத்தலேன்னா மூணாம் நாளே இன்ஜின் இறுகி நடுரோட்டுல நின்னிருக்கும். எத்தனை நாளா நீங்க மட்டும் ஓட்டறீங்க?"

"எட்டு மாசமா."

என் வீட்டுக்காரர் தவறிப்போயும் எட்டு மாசம்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். அடுத்தவங்க லிஃப்டையெல்லாம் சரி பண்ணிட்டு வருவார், சொந்த வண்டியை மட்டும் ஒரு மெக்கானிக்கும் தொடக்கூடாது. "அவனுங்க ஒண்ணைச் சரி பண்ணி ரெண்டைக் கெடுத்து அனுப்புவானுங்க"ம்பார். தினமும் காலையில அஞ்சே காலுக்கு, வீட்டுக்குக் கீழே இருக்கற கார் ஷெட்டுக்கு இறங்கிப் போவார், பத்து நிமிஷத்துல கையைத் துடைச்சுக்கிட்டு மேலே வருவார். என்ன பண்ணீங்கன்னு கேட்டா "வண்டியைப் பார்த்துட்டு வந்தேன்." அதுக்கு மேல பேசினா முத்து உதிர்ந்துடும். இருபத்திரெண்டு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட ஒரு ஆசை வார்த்தை பேசினதா எனக்கு ஞாபகம் இல்லை. தூக்கத்துலயே போனார், அதையும் சொல்லாம கொள்ளாமதான் செஞ்சார். நான் டியூட்டியில இருந்தேன்.

வண்டி ரெண்டு நாள் மெக்கானிக்கிட்ட இருந்துச்சு. பிரேக்கைச் சரி பண்ணி, நான் போற தூரம் ஓட்டிப் பார்த்து நிறுத்தியிருக்கார். சாயங்காலம் எவ்வளவு குறைஞ்சிருந்துச்சோ, மறுநாள் காலையிலயும் அதே குறைவு. அங்கே யாரும் ஊத்தலை. "குழாயை மாத்திடவா சிஸ்டர்?"னு கேட்டார். வேணாம், அடுத்த வாரம் பார்க்கலாம்னு சொல்லிட்டேன். ஊத்தறது யாருன்னு தெரியாம நான் எப்படி அடைக்கறது?

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடிச்சேன். அவளுக்குப் பத்தொன்பது வயசு. காலேஜுக்கு என்கூட வண்டியிலதான் வருவா.

"நீயா ஊத்தற?"

"எதைம்மா?"

"வண்டிக்குத் தண்ணி."

"பானெட்டை எப்படித் திறக்கறதுன்னே எனக்குத் தெரியாதும்மா. அஞ்சே காலுக்கு நான் முழிச்சிருந்து நீ என்னிக்காவது பார்த்திருக்கியா?"

அது நியாயம்தான். ஏழு மணிக்கே அவளை எழுப்ப ஒரு பட்டாளம் வேணும்.

மறுநாள் டியூட்டி முடிஞ்சு வந்ததும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். தொட்டியில போட்டிருக்கற கோட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணி. பானெட்டை மூடி, அதோட விளிம்புல ஆஸ்பத்திரி பிளாஸ்டரை குறுக்க ஒட்டினேன். காயத்துக் கட்டு மேல எழுதற மாதிரி தேதி, நேரம், கையெழுத்து. ஷட்டரை இழுத்துப் பூட்டி ரெண்டு சாவியையும் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டேன். காலையில போய்ப் பார்த்தா பூட்டு பூட்டினபடி, பிளாஸ்டர் ஒட்டினபடி. கிழிச்சுட்டு பானெட்டைத் தூக்கினேன். தண்ணி சரியா கோட்டுல நிக்குது. மூடியைத் தொட்டா விரல்ல ஈரம்.

பயந்துட்டேன், பொய் சொல்ல மாட்டேன். மாடிப்படியில உக்காந்துட்டேன். ஆனா பயம் பாதிதான். மீதிப் பாதி என்னன்னு கேட்டா, கல்யாணமான புதுசுல அவர் பைக் சத்தம் தெருமுனையில கேட்டா ஒரு மாதிரி இருக்குமே, அதுதான். இந்த வயசுல எனக்கு வெக்கமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் மெக்கானிக்கிட்ட போகவே இல்லை. தெரிஞ்ச வேலையைச் செஞ்சேன். நோயாளிக்கு உள்ளே போறது எவ்வளவு, வெளியே வர்றது எவ்வளவுன்னு நாங்க எழுதுவோம். அதே மாதிரி ஒரு தாள்ல ரெண்டு கட்டம் போட்டு ஷெட் சுவத்துல ஒட்டினேன். சாயங்காலம் அளவு, காலையில அளவு. வெளியே ஒரு லிட்டர், உள்ளே ஒரு லிட்டர். தினமும் அஞ்சரைக்கு இறங்கிப் போய்ப் பார்த்து எழுதறதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். பேசவும் ஆரம்பிச்சுட்டேன். பாப்பா பரீட்சையில தேறிட்டா, தியேட்டர்ல புது டாக்டர் கையைக் காலை ஆட்டி உயிரை வாங்கறான், எல்லாத்தையும் பானெட்டு கிட்ட சொல்லிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். மக ஒரு நாள் படியில நின்னு கேட்டுட்டு, மேலே போயிட்டா. அன்னிக்குப் பூரா அவ என் முகத்தைப் பார்க்கலை.

மூணாவது வாரம் தாள்ல ஒரு மாத்தம். வெளியே அதே ஒரு லிட்டர். உள்ளே தொள்ளாயிரம் மில்லி. ரெண்டு நாள் கழிச்சு எண்ணூறு. அப்புறம் அறுநூத்தி அம்பது. மீதியை நான் ஊத்திக்கிட்டேன், எங்கயோ அளவு தப்பியிருக்கும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். ஒரு நாள் காலையில பேட்டரி மேலயும் விளிம்புலயும் தண்ணி சிந்திக் கிடந்துச்சு. அந்த மனுஷன் ஒரு சொட்டு எண்ணெயைக்கூட சிந்தாம வேலை பார்த்தவர். சிந்தினதைத் துடைக்கத் துடைக்க எனக்குக் கை ஓடலை. அவருக்குக் கை நடுங்குது.

வார்டுல உள்ளே போற கட்டம் இந்த மாதிரி படிப்படியா இறங்கினா, அடுத்த ஷிஃப்ட்டுக்கு வர்ற பொண்ணுகிட்ட அந்தக் கட்டிலைக் காட்டி மெதுவா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம். எத்தனையோ தாள்ல நான் பார்த்த இறக்கம்தான். எங்கேயிருந்தோ தினமும் ஒரு லிட்டரைத் தூக்கிக்கிட்டு இங்கே வர்றதுக்கு அவருக்கு என்ன செலவாகுதோ, யாருக்குத் தெரியும்? நான் பாட்டுக்கு ஆனந்தமா எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு என் மேலயே ஆத்திரம் வந்துச்சு.

அன்னிக்கு லீவு போட்டுட்டு நேரா மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பைத்தியம்னு நினைச்சா நினைக்கட்டும். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டு முழுசா கேட்டார்.

"அவர் நல்லதுன்னு நினைச்சுத்தான் ஊத்தறார் சிஸ்டர். ஆனா வெறும் தண்ணி. துருப்பிடிக்காம காக்கற கூலன்ட் எல்லாம் கரைஞ்சு போயி உள்ளே பூரா துரு. இன்னும் ரெண்டு மாசம் போனா ரேடியேட்டரே ஓட்டையாயிடும்."

"மாத்திடுங்கண்ணே."

"மாத்தினா அப்புறம்..." அவர் முடிக்கலை.

"தெரியும். மாத்துங்க."

துருத்தண்ணியை வடிச்சப்ப டீ மாதிரி வந்துச்சு. மூணு தடவை அலசினார். வெடிச்ச குழாயை அறுத்து எடுத்து, புதுக் குழாயும் புதுக் கிளிப்பும் போட்டு, பச்சைக் கூலன்ட்டை நிரப்பினார். மறுபடி அந்தக் கைப்பம்ப். முள் பதினஞ்சுல நின்னுச்சு. கால் மணி நேரம் நானும் அவரும் அதையே பார்த்துக்கிட்டு நின்னோம். அசையலை. எனக்கு அழுகையா வந்துச்சு, புகை கண்ணுல பட்டுடுச்சுன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காலையில ஷட்டரைத் தூக்கினா வண்டிக்கு அடியில ஒரு குட்டை. வெளிர்ப் பச்சைத் தண்ணி சாக்கடை வரைக்கும் ஓடியிருக்கு. பன்னண்டு வருஷமா தரையில ஒரு சொட்டு விழாத வண்டி. குழாய்தான் திரும்ப வெடிச்சுடுச்சோன்னு பதறிப்போய்த் திறந்தேன். குழாய் காஞ்சு கிடக்கு. தொட்டிதான் கழுத்து வரைக்கும் ரொம்பி வழிஞ்சிருக்கு. துணியால ஒத்தி ஒத்திப் பிழிஞ்சு அளந்தேன். ஒரு லிட்டருக்கு மேலயே வந்துச்சு. ரொம்பியிருக்குன்னு அவருக்குத் தெரியலை. குறையுதுன்னு பயந்து, இருக்கற பலத்தையெல்லாம் சேர்த்து ஊத்திட்டுப் போயிருக்கார்.

அவருக்கு யாராவது சொல்லணுமே. என்னை விட்டா யாரு?

அடுத்த நாள் அஞ்சு மணிக்கே ஷெட்டுக்குள்ளே போய், ஷட்டரை உள்பக்கமா இறக்கிட்டு டிரைவர் சீட்ல உக்காந்துக்கிட்டேன். லைட் போடலை. ஷட்டருக்கு அடியில தெருவெளிச்சம் ஒரு கோடா தெரிஞ்சுது. செல்போன்ல அஞ்சு பதினாலு. அஞ்சு பதினஞ்சு.

மூடின பானெட்டுக்கு உள்ளேயிருந்து மூடி திருகற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தண்ணி. கொளகொளன்னு, விட்டு விட்டு. நடுவுல நிக்கும், மறுபடி ஊத்தும். ஊத்தறவங்களுக்கு மூச்சு வாங்கற மாதிரி. வண்டிக்கு அடியில தண்ணி சொட்டற சத்தமும் ஆரம்பிச்சுடுச்சு.

"ஏங்க"ன்னேன். மறுபடி சொன்னேன். "ஏங்க, போதும். வழியுது பாருங்க."

ஊத்தற சத்தம் நின்னுச்சு.

"சரி பண்ணியாச்சு. பின்னாடி ஹீட்டர் குழாய்தான் வெடிச்சிருந்துச்சு. புதுசு போட்டாச்சு. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன், ஏமாத்தலை. முள் பதினஞ்சுல கால் மணி நேரம் நின்னுச்சு. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே! உங்களுக்கு என்ன நெஞ்சழுத்தம்! தினமும் காலையில எந்திரிச்சு... ஒரு வார்த்தை சொன்னா என்னவாம் உங்களுக்கு?" திட்டத்தான் ஆரம்பிச்சேன், பாதியிலயே அழுகை வந்துடுச்சு. "எனக்கு இப்பத்தாங்க தெரியும். எனக்கு எதுவுமே தெரியாதுங்க."

மூடியை மெதுவா திருகி, டக்குனு இறுக்கற சத்தம். பானெட் மேல யாரோ உள்ளங்கையை வெச்சு அழுத்தின மாதிரி வண்டி முன்பக்கம் லேசா தாழ்ந்து நிமிர்ந்துச்சு. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது. இனிமே அலைய வேண்டாம், போய் நிம்மதியா இருங்கன்னு சொல்லத்தான் வந்தேன். மாடியிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

சாவியைத் திருகினேன். ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற வைப்பர் கம்பியை என் பக்கமா இழுத்துப் பிடிச்சேன். கண்ணாடி மேல தண்ணி பீச்சி அடிச்சுது, வைப்பர் ரெண்டும் பரபரன்னு துடைச்சுது. நான் கையை எடுக்கலை. தண்ணி மெலிஞ்சு, விட்டு விட்டு வந்து, கடைசியில மோட்டார் வெறுமனே உறுமற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் விட்டேன்.

"ஏங்க, இந்தக் கண்ணாடி துடைக்கற தண்ணி தீர்ந்துபோச்சுங்க"ன்னு சொன்னேன். "சின்ன டப்பாதான், கொஞ்சம்தான் பிடிக்கும். தினமும் வேணாம். உங்களால முடிஞ்சப்ப வாங்க."