பதினேழாம் எண்

ஞாயிறு வகுப்பு டீச்சருக்கு மற்ற ஆறு நாளும் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களுக்குச் சீட்டு கொடுப்பாள், முறை வந்ததும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் எழுந்து வராவிட்டால் சீட்டை அடுக்கின் அடியில் செருகிவிடுவாள். அங்கே அதுதான் சட்டம்.

போன ஞாயிறு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள்: "ஆண்டவர் மைக் வச்சு உங்களைக் கூப்பிடமாட்டாரு. வீட்ல, பள்ளிக்கூடத்துல, கடையில, எங்கேயோ நிக்கும்போது உள்ளுக்குள்ள ஒண்ணு 'போ, செய்'னு சொல்லும். இந்த வாரம் காதைத் தீட்டி வச்சுக்கங்க. என்ன கேட்டுச்சு, நீங்க என்ன செஞ்சீங்க, ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. பேர் போட வேண்டாம்."

இன்று பெற்றோரும் வந்திருந்தார்கள். ஜெபக்கூடத்துப் பின்னறை நிரம்பி வழிந்தது. போதகர் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்க, டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"'அம்மா கூப்பிட்டாங்க. முதல் தடவையே போனேன். போனா பாத்திரம் துலக்கற வேலை.'"

சிரிப்பு எழுந்தது.

"'தம்பியை அடிக்கக் கை ஓங்கினேன். வேண்டாம்னு உள்ளே ஒரு சத்தம் கேட்டுச்சு. ஆனா அதுக்குள்ள கை இறங்கிடுச்சு.'"

"யாருடா அது? கேட்டா எங்க வீட்டு வாலு மாதிரி இருக்கே!" என்று ஒரு அப்பா சத்தம் போட, அறையே குலுங்கியது. டீச்சரும் சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தாள்.

பென்சில் எழுத்து. நாலு இடத்தில் அழித்து எழுதியிருந்தது. முதலில் மனசுக்குள் வாசித்தாள்.

'வியாழக்கிழமை பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துல ஒரு மாமா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அவரு சீட்டு பதினேழு. டீச்சர் பதினேழுன்னு மூணு தடவை சொன்னாங்க. சத்தம் வரல, உதடு மட்டும் அசைஞ்சுது. அப்புறம் பதினெட்டுன்னு சத்தமா கூப்பிட்டாங்க. மாமாகிட்ட சொல்லுன்னு உள்ளே கேட்டுச்சு. டீச்சருக்குக் கோவம் வரும்னு சொல்லல.'

அந்த ஆளை டீச்சர் மறக்கவில்லை. காலையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மேஜைக்கு வந்து, "என் நம்பர் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுத்தவர். உட்கார்ந்து பாரு ஒரு நாள் முழுக்க என்று கறுவிக்கொண்டுதான் வாய்க்குள்ளேயே மூன்று தடவை கூப்பிட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தாள். இரண்டு மணிக்கு டாக்டர் கிளம்பிவிட்டார். அந்த ஆள் வைத்தியம் பார்க்காமலே திரும்பிப் போனார்.

அவள் யோசிப்பதற்குள் கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. தாளை அடுக்கின் அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தது.

"டீச்சர், ஒண்ணை விட்டுட்டீங்க!" என்றான் முன்னால் இருந்த அந்த வாலுப் பையன்.

"கையெழுத்து புரியலடா. அப்புறம் படிக்கிறேன்."

சொல்லும்போதே இரண்டாவது வரிசையில் முயல்குட்டியைப் பார்த்தாள். முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டிருப்பதால் எல்லோரும் வைத்த பேர். வியாழக்கிழமை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது அவள்தான். முகம் வெளுத்து, பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எழுதக்கூடாததை எழுதிவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நடுங்குவது தெரிந்தது.

டீச்சர் மீதித் தாள்களை வாசித்தாள். என்ன வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் அந்தத் தாள் மட்டும் கையில் நின்றது.

வாசித்தாள். 'டீச்சர்' என்ற வார்த்தை வந்த இடங்களில் குரல் பிசிறியது.

போதகர்தான் முதலில் சமாளித்தார். "பாத்தீங்களா! நமக்கு உறைக்கணும்னு டீச்சரே தன்னை வச்சு ஒரு கதை எழுதிக் கொண்டுவந்திருக்காங்க. நல்ல பாடம்."

ஆங்காங்கே கைதட்டல் கிளம்பியது. ஒரு அம்மா, "நானும் பயந்தே போயிட்டேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். தப்பிக்க ஒரு கதவு அகலமாகத் திறந்திருந்தது. டீச்சர் தலையை ஆட்டினால் போதும், வெளியே போய்விடலாம். ஆனால் முயல்குட்டி கைதட்டவில்லை. தான் பார்த்தது பொய்தானோ என்பதுபோல டீச்சரையும் போதகரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதை இல்லங்கய்யா," என்றாள் டீச்சர். "ஒரு பிள்ளை பாத்ததை எழுதியிருக்கு. அது உண்மை. நான் வேணும்னேதான் செஞ்சேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. போதகர் தரையைப் பார்த்தார்.

"அந்த மாமாவுக்குப் பல்வலி சரியாயிடுச்சா டீச்சர்?" வாலுதான் கேட்டான்.

"தெரியலடா."

"கேக்கலையா?"

"கேக்கல."

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும் முன்பே பதிவேட்டைப் புரட்டி அவருடைய போன் நம்பரைத் தேடி எடுத்தாள். இரண்டு தடவை பாதி எண்ணோடு நிறுத்திவிட்டாள். மூன்றாவது தடவை மணி அடித்தது.

"யாரு?"

"பல் ஆஸ்பத்திரிங்க. வியாழக்கிழமை உங்களுக்குப் பதினேழாம் நம்பர்..." அதற்கு மேல் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். உதடு மட்டும் அசைத்தது, சீட்டை அடியில் செருகியது, எரிச்சலில் செய்தது எல்லாம்.

வாயை முழுக்கத் திறக்க முடியாத குரலில் அவர் பேசினார்.

"அன்னைக்கே தெரியும்மா. நான் உங்க வாயையே பாத்துக்கிட்டுதானே உக்காந்திருந்தேன்."

"அப்போ ஏங்க எழுந்து வரல?"

"ரொம்பத் தொந்தரவு பண்ணிட்டேன்போல, கோவம் தணிஞ்சா நீங்களே கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு மணி வரைக்கும் பாத்தேன்."

டீச்சர் அன்றைய சீட்டுக் கட்டைக் கையில் எடுத்தாள்.

"இப்ப வரட்டுமாம்மா?" என்று கேட்டார் அவர். "இன்னைக்குக் கூட்டம் இருக்குமா?"