பன் தின்ற பன்றி

பேக்கரிக்காரருக்கு யாருக்காவது தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விற்காத பன், கருகிய ரொட்டி, கேக் வெட்டும்போது விழும் ஓரங்கள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் நின்ற நாட்டுப் பன்றிக்குப் போயின. வாளியைக் கண்டாலே அது முன்னங்காலைத் தடுப்பின் மேல் போட்டு முனகும். அவர் மனசு இளகி இன்னும் ரெண்டு பன் போடுவார். தன் கைப்பக்குவத்தைக் குறை சொல்லாத ஒரே ஜீவன் அதுதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் பன்றி சினை பிடிக்கவில்லை. மனைவியின் தம்பி தன் ஆண் பன்றியை ஓட்டி வந்து விட்டும் பலனில்லை. பேக்கரிக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடையில் டீ குடிக்க வந்தவர்களிடம், மச்சினன் பன்றி பார்க்கத்தான் பயில்வான், காரியத்தில் பூஜ்யம் என்று சொல்லிவிட்டார். அது காதுக்கு எட்டியதும் மச்சினன் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதையே நிறுத்தினான். மனைவி அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

கடைசியில் கால்நடை மருத்துவரை அழைத்தார். வந்த டாக்டரம்மா, பன்றியின் இடுப்பை அழுத்தி எலும்பைத் தேடினார், கொழுப்புதான் அகப்பட்டது. பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாட்டுப் பன்றிங்க இது. கொஞ்சம் தின்னாலே உடம்புல சேர்த்து வச்சுக்கும். இவ்வளவு கொழுப்பு ஏறினா சினை எப்படி நிக்கும்?"

"அப்ப ஆண் பன்றி மேல தப்பில்லையா?" என்று ஈனசுரத்தில் கேட்டார் பேக்கரிக்காரர்.

மனைவி வாளியைப் பார்த்தாள்; பிறகு அவர் தொந்தியைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து பன் கிடையாது. அளந்த தவிடு, நிறைய கீரை, காலையில் நடை. பன்றி போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. நடையில் அது முன்னால் போக, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் போனார். யார் யாரை மேய்க்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. அவருக்கே வந்தது.

பன்றி அளவான உடம்புக்கு வந்ததும் மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பு உன் பன்றி மேல இல்லப்பா. என் பன் மேலதான்."

"இதை உங்க கடையில சொல்லுங்க மாமா. அன்னைக்கு இருந்தவங்க எல்லாரும் இருக்கும்போது."

சொன்னார். டீ குடித்தவர்களுக்குப் புரையேறியது. கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்தார்.

மச்சினன் மறுபடியும் தன் பன்றியை ஓட்டி வந்தான்; இந்த முறை சினை நின்றது. சந்தோஷத்தில் அவர் கேக்கோடு கிளம்ப, சினைக் காலத்திலும் அளவு உண்டு என்று மனைவி வாளியைப் பறிமுதல் செய்தாள். கண் பட்டுவிடும் என்று மனைவி யாரையும் எண்ணிப் பார்க்க விடாத அளவுக்குக் குட்டிகள் பிறந்தன. பார்க்க வந்த மருத்துவர், இத்தனை குட்டிக்கும் பால் ஊற வேண்டும், இனி தாய்க்கு நல்ல தீவனமாக வயிறு நிறையப் போடலாம் என்றார்.

பேக்கரிக்காரர் உள்ளே ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்தார்.

"டாக்டரம்மா, அதை இவ முன்னால இன்னொரு தடவை சொல்லுங்க."